கீச்சிடும் பின் சஸ்பென்ஷன்: ஒலியைத் தேடிப் பிடித்து புஷ் மாற்றிய அனுபவம்

வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு கீச்சொலி. நல்ல வேகத்தில் போகும்போது கேட்பதில்லை. நடக்கிற வேகத்தில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தெளிவாகக் கேட்கும். வண்டி இரவெல்லாம் நின்றிருந்த பின், காலைக் குளிரில் சத்தம் அதிகம். மழையில் நனைந்து ஓடினால் அறவே இல்லை. ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்துவிடும். இவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டேன். எப்போது கேட்கிறது, எப்போது கேட்பதில்லை என்ற விவரமே பாதி வேலையை முடித்துவிடும். அதைக் கவனிக்காமல் பாகங்களை மாற்ற ஆரம்பித்தால் ஷாக் அப்சார்பரில் தொடங்கி ஒவ்வொன்றாகப் புதிது போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். சத்தம் அங்கேயே இருக்கும்.

என் காரின் பின்பக்கம் டார்ஷன் பீம் வகை. முன்சக்கரங்களால் ஓடும் சிறிய கார்களில் மிகப் பரவலான அமைப்பு இது. இரண்டு நீண்ட கைகள், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டம். கைகளின் பின்முனையில் சக்கரங்கள். முன்முனையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய ரப்பர் புஷ்கள். உடலோடு அச்சைப் பிணைத்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் வைத்திருப்பவை அந்த இரண்டு புஷ்கள்தான். எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். பல இணைப்புக் கைகள் கொண்ட மல்டி லிங்க் அமைப்பில் புஷ்களின் எண்ணிக்கை கூடும், தேடும் நேரமும் கூடும். கண்டுபிடிக்கும் முறை ஒன்றுதான்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன, விசை கூடியதும் சட்டென்று வழுக்குகின்றன, மீண்டும் பற்றிக்கொள்கின்றன. நின்ற நிலையில் இருக்கும் உராய்வு நகரும்போது இருக்கும் உராய்வைவிட அதிகமாக இருப்பதால் இந்தப் பற்றலும் வழுக்கலும் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நிகழ்கின்றன. தரையில் நாற்காலியை இழுக்கும்போது எழும் சத்தமும் இதே வகைதான். ஆகவே கீச்சொலி கேட்டால், எங்கோ ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிறது என்று பொருள். இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால் தேடல் சுலபமாகிறது.

ஏனென்றால், நல்ல நிலையில் உள்ள சஸ்பென்ஷன் புஷ்ஷில் வழுக்குவதற்குப் பரப்பே கிடையாது. வெளியே ஒரு உலோகக் குழல், உள்ளே ஒரு உலோகக் குழல், நடுவே ரப்பர். ரப்பரைச் சூடாக்கி வல்கனைஸ் செய்யும்போதே அது இரண்டு குழல்களோடும் ஒட்டிப் பிணைந்துவிடுகிறது. உள் குழலைப் போல்ட் இறுக்கிப் பிடித்து உடலோடு நிறுத்திவிடுகிறது. வெளிக் குழல் கையோடு சேர்ந்து அசைகிறது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. இது பேரிங் இல்லை, முறுக்கு ஸ்பிரிங். ஆகவே இந்த வகைப் புஷ் கீச்சிடுகிறது என்றால் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது, அல்லது ரப்பர் கிழிந்து கிழிந்த முகங்கள் தேய்கின்றன, அல்லது போல்ட் தளர்ந்து உள் குழல் பிராக்கெட்டுக்குள் சுழல்கிறது. மூன்றில் எதுவாக இருந்தாலும் எண்ணெய் விட்டுச் சரிசெய்யும் விஷயம் இல்லை.

வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரைப் பிடித்திருக்கும் ஆங்கில டி எழுத்து வடிவப் புஷ்களின் கதை வேறு. பெரும்பாலான கார்களில் அவற்றின் ரப்பர் கம்பியோடு ஒட்டியிருக்காது. கம்பி அதற்குள் திரும்பும். மண்ணும் தூசியும் புகுந்தால், பழுதே இல்லாமலும் அவை கத்தும். கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் பூசிப் போட்டால் அடங்கிவிடும். என் காரில் அந்தக் கம்பி குறுக்குச் சட்டத்தின் உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் அந்த வழி அடைபட்டது.

தேடல்

முதலில் காரின் உட்பக்கத்தை விலக்கினேன். பின் இருக்கையின் முதுகுப் பலகையை மடக்கி, பார்சல் தட்டைக் கழற்றி, உபரிச் சக்கரத்தையும் ஜாக்கியையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பின்கதவின் ரப்பர் விளிம்பை ஈரத் துணியால் துடைத்தேன். இதைச் சிலர் நேர விரயம் என்பார்கள். சஸ்பென்ஷனிலிருந்து வருவதாக நினைக்கப்படும் எத்தனையோ சத்தங்கள் இருக்கைக் கொக்கியிலிருந்தும் கதவு ரப்பரிலிருந்தும் வருகின்றன. உடல் முறுக்கும்போது அவையும் வேகத்தடையில்தான் கத்தும். இங்கே கீச்சொலி அப்படியே இருந்தது. உள்ளே இல்லை என்பது உறுதி.

அடுத்தது வண்டியை நிறுத்திவைத்துக் குலுக்குவது. சமதளத்தில் நிறுத்தி, பின் பம்பரின் நடுவில் அழுத்தி விட்டால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாக மேலும் கீழும் போகும். அப்போது சத்தம் மெல்லியதாகவே வந்தது. இடது மூலையை மட்டும் அழுத்தியபோது தெளிவாகக் கேட்டது. வலது மூலையில் குறைவு. டார்ஷன் பீமில் ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் குறுக்குச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முன்முனைப் புஷ்கள் சுழல்வதோடு சாயவும் வேண்டும். ஷாக் அப்சார்பரோ ஸ்பிரிங் தட்டோ காரணம் என்றால் இரண்டு வகை அழுத்தத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி கத்தியிருக்கும். ஆக, சந்தேகம் இடது முன்முனைப் புஷ்ஷின் மேல் விழுந்தது. ஆனால் சந்தேகம் வேறு, உறுதி வேறு. அடியில் போகும் ஒலி உலோகம் வழியாக ஓடி வேறொரு இடத்தில் உரக்கக் கேட்கும். காது சொல்வதை மட்டும் நம்பக் கூடாது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பலரும் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் அடியில் தேடுகிறார்கள். தொங்கும் நிலையில் எடை இல்லை, அதனால் சத்தமும் வராது. சக்கரங்கள் எடையைத் தாங்கியபடியே அடிப்பக்கம் தெரிய வேண்டும். அதற்குக் குழியோ, நான்கு சக்கரங்களும் ஏறி நிற்கும் சரிவுப் பலகைகளோ வேண்டும். ஜாக்கியில் நிற்கும் காரைக் குலுக்குவது உயிரோடு விளையாடுவது. தாங்கிகளின் மேல் நிற்கும் காரையும் குலுக்கக் கூடாது. ஒருவர் அடியில் இருக்கும்போது நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

மழையில் சத்தம் நின்றுபோனதற்குக் காரணம், ஈர ரப்பரில் உராய்வு குறைந்துவிடுவதுதான். அப்படியானால் தண்ணீரையே சோதனைக் கருவியாக்கலாம். தெளிப்பான் புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். பீய்ச்சும் முனை மெல்லிய தாரையாக வரும்படி திருகி வைத்தேன். வண்டி நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஒருவர் மூலையை அழுத்திக் குலுக்க, பக்கத்தில் அமர்ந்தபடி ஒவ்வொரு இணைப்பாக நனைத்துக்கொண்டே போக வேண்டும். வரிசையும் முக்கியம். தண்ணீர் கீழே வழியும் என்பதால் தாழ்வான இடத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எது நனைந்ததால் சத்தம் நின்றது என்று தெரியாது. ஷாக் அப்சார்பரின் கீழ்க் கண்ணை நனைத்தேன், சத்தம் நிற்கவில்லை. ஸ்பிரிங்கின் கீழ்த் தட்டு, நிற்கவில்லை. இடது புஷ்ஷின் வெளிப்பக்க விளிம்பு, சற்றே தணிந்தது. அதே புஷ்ஷின் உட்பக்க விளிம்பில் தாரையைச் செலுத்தியதும் அடுத்த அழுத்தத்திலேயே ஒலி அடங்கிவிட்டது.

துருவை இளக்கும் ஸ்பிரேயை அடித்துப் பார்க்கச் சொல்வோர் உண்டு. அதுவும் சத்தத்தை நிறுத்தும். ஆனால் அதில் இருப்பது பெட்ரோலிய எண்ணெய். பெரும்பாலான புஷ்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி உப்பி மென்மையாகிவிடும். தண்ணீர் காய்ந்ததும் சத்தம் திரும்பி வரும். சோதனைக்கு அதுதான் வேண்டும், ஏனெனில் திரும்பி வந்த சத்தத்தை மீண்டும் நனைத்து, முதல் முடிவு தற்செயல் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளலாம். நான் அப்படித்தான் உறுதிசெய்தேன். கூடவே, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பிராக்கெட்டின் அருகிலும் வைத்துக் கேட்டேன். இடது பக்கம் தெளிவான கீச்சொலி. வலது பக்கம் எதிரொலி மட்டும்.

பிறகு கண்ணால் பார்க்கும் வேலை. விளக்கைப் பிடித்துக்கொண்டு இடது புஷ்ஷின் உட்பக்கத்தைப் பார்த்தால், உள் குழலை ஒட்டி ரப்பரில் பிறை வடிவப் பிளவு. அதன் ஓரத்தில் கறுப்பு ரப்பர்த் தூள். வெளிப்பக்கம் இருந்த மெல்லிய விரிசல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்றில் உள்ள ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரின் மேற்பரப்பைத் தாக்கி இப்படி வரி வரியாக வெடிக்கச் செய்யும். ஆழமில்லாத வரை அது வயதின் அடையாளம் மட்டுமே. பிளவும் தூளும் அப்படியல்ல. காரைத் தாங்கிகளின் மேல் ஏற்றியபின் நெம்புகோலைக் கைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வைத்து மெல்ல நெம்பினேன். வலது பக்கம் இறுக்கமாக அசைந்து திரும்பி வந்தது, இடது பக்கம் தடையே இல்லாமல் பிளவு வாய் திறந்தது. நெம்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: புது புஷ்ஷும் ஓரளவு அசையும். அசைகிறதா என்பது கேள்வி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா, விட்டதும் திரும்பி வருகிறதா என்பதே கேள்வி. எண்ணெய் நிரப்பிய புஷ் உள்ள கார்களில் கசிவின் ஈரத்தையும் பார்க்க வேண்டும்.

ரப்பரா, பாலியூரித்தேனா

புஷ் வாங்கும்போது இரண்டையும் எடைபோட்டேன். பாலியூரித்தேன் கெட்டியானது, எண்ணெய்க்கு அஞ்சாது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அது உள் குழலோடு ஒட்டியிருப்பதில்லை. குழல் அதற்குள் வழுக்கித் திரும்புகிறது. அதாவது, எந்த வழுக்கலை ஒழிக்க நினைக்கிறேனோ அதையே விலை கொடுத்து வாங்கி மாட்டுவதாகும். சிறப்பு கிரீஸ் பூசிப் போட வேண்டும். அது கழுவிப் போனால் கீச்சொலி திரும்பும். பந்தயத்துக்காகக் காரைத் தயார்செய்பவருக்கு அந்த இறுக்கம் தேவைப்படலாம். அன்றாட ஓட்டத்துக்கான காருக்கு, அதுவும் பின் அச்சின் முன்முனையில், ரப்பர்தான் பொருந்தும் என்பது என் தீர்மானம். அந்தப் புஷ்ஷில் வேண்டுமென்றே வெற்றிடங்கள் விட்டிருக்கிறார்கள்: ஒரு திசையில் மென்மை, இன்னொரு திசையில் விறைப்பு. முழுக்கக் கெட்டியான வார்ப்பு அந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

இடது புஷ் மட்டுமே கிழிந்திருந்தாலும் இரண்டையும் மாற்ற முடிவுசெய்தேன். ஒரு பக்கம் புது ரப்பர், மறுபக்கம் தளர்ந்த பழைய ரப்பர் என்றால் அச்சு சமமாக இழுக்காது. தவிர, பீமை இறக்கும் உழைப்பு ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒன்றேதான்.

கழற்றுதல்

எதையும் தொடுமுன் ஒரு அளவு எடுக்க வேண்டும். சமதளத்தில், காலியான வண்டியில், சக்கர மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்தேன்: இடது 362 மில்லிமீட்டர், வலது 360. இந்த எண்களைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதினேன். வேலையின் முடிவில் எல்லாம் இந்த எண்களை நம்பித்தான் இருக்கிறது. ஏன் என்பது பிறகு வரும்.

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தேன். கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கம் தூக்கப்பட்ட பிறகு அதனால் பயன் இல்லை. உடலின் பலமான இடங்களில் இரண்டு தாங்கிகள் வைத்து, சக்கரங்களைக் கழற்றி, பீமின் அடியில் ஜாக்கியைக் கொடுத்தேன். ஏபிஎஸ் ஒயர், கைப்பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ் மூன்றையும் அவற்றின் கிளிப்புகளிலிருந்து விடுவித்தேன். பிரேக் குழாயின் இணைப்பைத் திறக்கவில்லை. கிளிப்பிலிருந்து எடுத்தாலே பீம் இறங்கப் போதுமான தளர்வு கிடைத்தது. அந்தத் தளர்வு கிடைக்காத கார்களில் இணைப்பைத் திறந்து, பிரேக் திரவத்தை விட்டு மறுபடி காற்று நீக்க வேண்டியிருக்கும். எப்படியானாலும், பீமின் எடை ஹோஸில் தொங்கக் கூடாது.

ஷாக் அப்சார்பர்களின் கீழ்ப் போல்டுகளைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கியதும் ஸ்பிரிங்குகள் தளர்ந்து கைக்கு வந்தன. அவற்றின் ரப்பர்த் தட்டுகளில் மணல் படிந்திருந்தது, கழுவிக் காயவைத்தேன். மணல் அங்கே கிடந்தால் நாளை அதுவே இன்னொரு சத்தமாகும்.

முன்முனைப் போல்டுகளில்தான் பொறுமை தேவைப்பட்டது. போல்டும் உள் குழலும் இரும்பு. நடுவில் நீர் புகுந்து துருப்பிடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நட்டை எடுத்தபின் போல்டைத் திருகினால், உள் குழலும் சேர்ந்து சுழன்று ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வலது பக்கம் எளிதில் வந்துவிட்டது. இடது பக்கம் இறுகியிருந்தது. துரு இளக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு வெளியே கொண்டுவந்தேன். எப்படியும் கழிக்கப்போகும் ரப்பர் என்பதால் இங்கே அந்த எண்ணெய்க்குத் தடை இல்லை. வசப்படவே இல்லையென்றால் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ரம்பம் விட்டுப் போல்டை அறுப்பதுதான் வழி. உடலோடு சேர்ந்த பிராக்கெட்டை மட்டும் நான் கழற்றவில்லை. அதன் துளைகள் அகலமானவை. தளர்த்திவிட்டால் அச்சை மறுபடி நேர்கோட்டில் நிறுத்துவது தனி வேலை.

பழைய புஷ்ஷை எடுப்பதற்கு முன் இன்னும் இரண்டு குறிப்புகள். வெற்றிடங்கள் எந்தத் திசையைப் பார்த்திருக்கின்றன என்பதைக் கையின் மேல் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். வெளிக் குழல் கையின் விளிம்பிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இருபுறமும் அளந்தேன். புஷ் கால் வட்டம் திரும்பிப் பொருந்திவிட்டால் மென்மையும் விறைப்பும் இடம் மாறிவிடும். கார் வளைவில் நடந்துகொள்ளும் விதமே மாறும். சத்தம் போய்விட்டதே என்று திருப்தி அடைந்து, அந்தக் கோணலோடு ஓடிக்கொண்டிருக்கும் கார்கள் உண்டு.

வெளியே தள்ள திருகுக் கம்பி முறையைப் பயன்படுத்தினேன். புஷ்ஷின் வெளிக் குழலைவிடச் சற்றே பெரிய உள்விட்டம் கொண்ட ஒரு தடித்த குழாய்த் துண்டு ஒருபுறம்; வெளிக் குழலின் விளிம்பை மட்டும் அழுத்தும் வட்டத் தட்டு மறுபுறம்; நடுவே நீண்ட திருகுக் கம்பி, நட்டுகள். கம்பி உயர் இழுவலிமை கொண்டதாக இருக்க வேண்டும், 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட தரம். சாதாரண 4.8 தரக் கம்பியில் மரை உரிந்துபோகும், அல்லது இழுவிசையில் அறுந்து தெறிக்கும். நட்டுக்கும் வாஷருக்கும் நடுவே ஒரு தள்ளு பேரிங்கை வைத்து, மரையில் மாலிப்டினம் கிரீஸ் தாராளமாகப் பூசினால் நம் உழைப்பில் பாதி உராய்வில் வீணாகாது.

வலது புஷ் ஒரு வெடிச் சத்தத்தோடு நகர ஆரம்பித்து, பிறகு சீராக வந்தது. இடது அசையவில்லை. இந்த இடத்தில் சிலர் நெருப்பைக் கையில் எடுக்கிறார்கள். ரப்பரை எரித்தால் வரும் புகை நச்சு. பக்கத்தில் எரிபொருள் டேங்க், பிரேக் ஹோஸ், அடிப்பூச்சு எல்லாம் இருக்கின்றன. நான் ரப்பரில் வட்டமாகத் துளைகள் போட்டு உள் குழலை வெளியே இழுத்தேன். பிறகு ரம்ப அலகை வெளிக் குழலுக்குள் நுழைத்து நீளவாக்கில் ஒரு வெட்டு. குழல் அறுபடும் தறுவாயில் அலகின் சத்தமும் பிடிப்பும் மாறும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கையின் துளையில் பள்ளம் விழுந்தால் புது புஷ் இறுக்கமாக உட்காராது. மெல்லிய உளியால் வெட்டின் ஓரத்தை உள்நோக்கி மடித்ததும் குழல் சுருங்கி வெளியே வந்துவிட்டது.

பொருத்துதல்

துளையை வயர் பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்தேன். நுழைவாயிலில் இருந்த பிசிறை அரத்தால் நீக்கினேன். புது புஷ்ஷை உறைபெட்டியில் வைத்தால் சுருங்கி எளிதாக நுழையும் என்ற யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழல் 45 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் விட்டம் ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர்தான் குறையும். கையில் எடுத்து நேர்நிறுத்துவதற்குள் அதுவும் திரும்பி வந்துவிடும். உறைபெட்டியை நம்புவதைவிட, நேராகத் தொடங்குவதில் கவனம் செலுத்துவது மேல். புஷ் சாய்வாக நுழைய ஆரம்பித்தால் திருகத் திருகச் சாய்வு கூடும். முதல் சில மில்லிமீட்டர் உள்ளே போகும் வரை கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, நான்கு புறமும் அளந்து பார்த்தேன்.

வழவழப்புக்குச் சோப்புத் தண்ணீர் போதும். நுழையும்போது வழுக்கும், பிறகு காய்ந்து பிடித்துக்கொள்ளும். கிரீஸ் காய்வதில்லை; ரப்பரையும் கெடுக்கும். பெயிண்ட் கோட்டோடு புஷ்ஷின் குறியை ஒத்துவைத்து, அளந்து வைத்த நீட்சி வரும் வரை இழுத்தேன். அழுத்தம் எப்போதும் வெளிக் குழலின் மேலேயே இருக்க வேண்டும். உள் குழலையோ ரப்பரையோ தள்ளினால் புது புஷ்ஷின் ஒட்டு போட்ட அன்றே கிழியும்.

பீமை உயர்த்தி, போல்டுகளை நுழைத்து, நட்டுகளைக் கையால் மட்டும் திருகினேன். ஸ்பிரிங்குகளின் முனை தட்டில் உள்ள படியில் உட்காருகிறதா என்று பார்த்து வைத்து, ஷாக் அப்சார்பர்களை இணைத்தேன். அவற்றின் கீழ்ப் போல்டுகளையும் இன்னும் இறுக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கண்ணிலும் இதே வகை ஒட்டுப் புஷ்தான் இருக்கிறது.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். சக்கரங்கள் தொங்கும் நிலையில் இந்தப் போல்டுகளை இறுக்கக் கூடாது. என் காரில் போல்டிலிருந்து சக்கர மையம் வரை ஏறக்குறைய 400 மில்லிமீட்டர். தொங்கும்போது சக்கரம் வழக்கமான இடத்தைவிட 90 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே இருக்கிறது. அந்த நிலையில் இறுக்கினால் உள் குழல் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு காரைத் தரையில் இறக்கினால் கை மேலே எழும். ரப்பர் சுமார் 13 டிகிரி முறுக்கிக்கொள்ளும். கார் சும்மா நிற்கும்போதே இந்த முறுக்கு. வேகத்தடையில் ஏறினால் இதற்கு மேல் இன்னும் முறுக்க வேண்டும். இரவும் பகலும் ஒரே பக்கமாக இழுபட்டுக் கிடக்கும் ரப்பர் சீக்கிரம் கிழிவதில் வியப்பே இல்லை. முறுக்கிய ரப்பர் ஸ்பிரிங்கோடு சண்டையிடும் என்பதால் காரின் பின்பக்க உயரமும் சற்று மாறும்.

ஆகவே ஜாக்கியை ஒவ்வொரு பக்கமும் சக்கர மையத்துக்கு அருகே கொடுத்து, தாளில் எழுதிய 362, 360 அளவு வரும் வரை உயர்த்தினேன். அப்படி உயர்த்தும்போது உடல் தாங்கியிலிருந்து எழும்பிவிடாமல் பார்க்க வேண்டும்; காலி வண்டி என்றால் பின்பக்கத்தில் எடை ஏற்ற வேண்டியிருக்கும். குழியோ சரிவுப் பலகையோ இருந்தால், சக்கரங்களை மாட்டித் தரையில் நிறுத்தி, சற்றுக் குலுக்கிவிட்டு இறுக்குவது இன்னும் நம்பகமானது. போல்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினேன். இறுக்கும் அளவு காருக்குக் கார் வேறு. தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள எண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குறிப்பிட்ட நியூட்டன் மீட்டர், பிறகு குறிப்பிட்ட கோணம் என்று இரண்டு படியாகச் சொல்லியிருந்தால், பெரும்பாலும் அந்தப் போல்ட் இழுபட்டு நீளும் வகை. பழையதை மீண்டும் போடக் கூடாது. நான் புதியவற்றையே போட்டேன். இறுக்கியபின் போல்ட் முனை, நட்டு, பிராக்கெட் மூன்றையும் தொட்டபடி மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

பழைய புஷ் சொன்ன செய்தி

முழுதாக வெளியே வந்த வலது புஷ்ஷைப் பட்டறைப் பிடிப்பானில் வைத்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து நல்லதாகத் தெரிந்த அதிலும் உள் குழலை ஒட்டிய ரப்பர் ஒரு பக்கத்தில் மட்டும் விட ஆரம்பித்திருந்தது. துளையிட்டு எடுத்த இடது புஷ்ஷின் துண்டுகளிலும் கிழிசல் அதே பக்கத்தில், ஆனால் முற்றியிருந்தது. ஸ்பிரிங்குகளை எடுக்குமுன், முன்முனை நட்டுகளை முதலில் தளர்த்தியபோதே உள் குழல் தானாகச் சட்டென்று திரும்பியதை இரண்டு பக்கமும் கவனித்திருந்தேன். அப்போது கார் தொங்கும் நிலையில் இல்லை. ஜாக்கி பீமைத் தரையில் நிற்கும் உயரத்திலேயே தாங்கிக்கொண்டிருந்தது. சரியான உயரத்தில் இறுக்கப்பட்ட புஷ், அதே உயரத்தில் தளர்த்தும்போது அசையாமல் இருக்க வேண்டும். முந்தைய முறை இந்த அச்சைக் கழற்றி மாட்டியவர்கள் சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ரப்பரின் தரத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஓட்டிப் பார்த்தபோது கீச்சொலி இல்லை. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. பாதை மாறும்போது பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வந்து சேரும் உணர்வு ஒன்று இருந்துகொண்டே இருந்தது. டயரின் குணம் என்று பழகிப்போயிருந்தேன். அது முற்றிலும் போய்விட்டது. கிழிந்த புஷ்ஷில் அச்சு சிறிது பக்கவாட்டில் நகர்ந்து, பிறகுதான் பிடித்திருக்கிறது. ஆகவே சத்தத்தை மட்டும் அடக்கும் எந்த வைத்தியத்தையும் நான் ஏற்க மாட்டேன். ஒட்டுப் புஷ் கீச்சிடும்போது எண்ணெய் அடித்து அமைதிப்படுத்தினால், கிழிசல் வளர்ந்துகொண்டே போகும், எச்சரிக்கை மட்டும் நின்றுவிடும்.

சக்கர நேர்நிலையையும் சோதித்துப் பார்த்தேன். டார்ஷன் பீமில் பெரும்பாலும் சரிசெய்யத் திருகு கிடையாது. ஆனால் இடது வலது அளவுகள் கையேட்டின் வரம்புக்குள் இருந்தால் அச்சு நேராக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மல்டி லிங்க் அமைப்பில், சக்கரக் கோணத்தைத் திருத்த உதவும், மையம் விலகிய (எக்சென்ட்ரிக்) போல்டுகளைக் கழற்றியிருந்தால் இந்தச் சோதனை கட்டாயம். கழற்றுமுன் அவற்றின் நிலையைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் குழியில் நிறுத்தி, விளக்கோடு இறங்கிப் பார்த்தேன். மஞ்சள் கோடுகள் முறியவில்லை, ரப்பரின் இரு முகங்களும் சமமாக இருக்கின்றன, மட்கார்டு அளவு இரண்டு பக்கமும் பழைய எண்ணிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள். அடுத்து டயர்களை இடம் மாற்றும்போது மீண்டும் பார்க்க வேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, போல்டை எந்த உயரத்தில் இறுக்க வேண்டும் என்பதையும் அதன் கீழே குறித்திருக்கிறேன். அடுத்து யார் கையில் இந்தக் கார் போனாலும் அவர்களுக்கு அது தெரிய வேண்டும்.